காதுக்குப் பின்னால் ஒரு காந்தம்

எங்கள் ஊரில் யாரும் வாயை மட்டும் வைத்துப் பேசுவதில்லை. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. ஊர்ப்பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே ஆளாளுக்கு வந்து, எங்களைப் பற்றி எழுத நீ யாரு என்று சண்டைக்கு நிற்பார்கள். வள்ளத்தின் பின்னால் இஞ்சின் கத்திக்கொண்டிருக்கும்போது முன்னால் நிற்பவனிடம் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு சொல் போய்ச் சேராது. அதனால் எல்லாவற்றுக்கும் கை. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் வேகத்தைக் குறை. முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் வலை நிறைந்துவிட்டது. கரையேறிய பிறகும் அந்தக் கை அடங்காது. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட ஒரு கை, இன்றைக்குக் கடலுக்குப் போகிறாயா என்று கேட்கும். இன்னொரு கை, காற்று சரியில்லை என்று சொல்லும். கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் சத்தம். அடுத்த வீட்டில் உப்பு கேட்பதுகூட எங்களுக்குச் சண்டை போடுவது மாதிரிதான் இருக்கும். பஸ்ஸில் நாங்கள் சாதாரணமாகப் பேசினாலே நாகர்கோவில்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் மூன்று வயதை நெருங்கும்வரை அது எங்களுக்குத் தெரியாது. வேறு எந்த ஊரிலும் இந்தக் கூத்து நடந்திருக்காது. உட்காரப் பழகிய வயதிலேயே அவள் கையால் பேச ஆரம்பித்துவிட்டாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்து மீசை முறுக்கினால் அப்பா. கன்னத்தில் என் மச்சம் இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. கையை அலை மாதிரி ஆட்டினால் கடல். அவள் அப்பா வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது தண்ணீருக்குள் நின்றே ரெண்டு கையையும் விரிப்பார். இவள் மணலில் நின்று அதே மாதிரி விரிப்பாள். பார்த்தவர்களெல்லாம் கொண்டாடினார்கள். "அப்பனுக்க அச்சு, கேட்டியா! வாயத் தொறக்கதுக்கு முந்தியே கடல்சோலி படிச்சிட்டா" என்று எதிர்வீட்டு மைனி திருஷ்டி கழித்துப் போடுவாள். வாய் ஏன் இன்னும் திறக்கவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. கேட்டதற்குக் கை பதில் சொல்லிவிடுகிறதே, பிறகு என்ன?

2011 வாக்கில் பால்வாடிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரி, கடல் தெரியாதவள். "அக்கா, பிள்ளைய பின்னால நின்னு விளிச்சா திரும்பவே மாட்டேங்குதே" என்றாள். எனக்கு வந்ததே கோபம். நீ கூப்பிடுகிற லட்சணத்தில் நானே திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து, அவளைத் தரையில் உட்கார வைத்து, பின்னால் போய் நின்று, எவர்சில்வர் தட்டு ஒன்றை ஓங்கித் தரையில் போட்டேன். தெருவில் போன நாய் குரைத்தது. எதிர்வீட்டு மைனி "என்னட்டி, என்ன ஒடஞ்சுது?" என்று வெளியே வந்தாள். என் மகள் மட்டும் தன் கால்விரலோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் அழுத அழுகையை எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் நாகர்கோவிலில் பெண்கள் கல்லூரியில் பிஸிக்ஸ் படித்தவள். கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்த பிறகு அந்தப் படிப்பில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பழக்கம்தான். பேப்பரில் அறிவியல் பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். நினைத்தாலே அசையும் செயற்கைக் கை, பார்வை போனவருக்கு வெளிச்சம் காட்டும் சில்லு, மனிதனும் மெஷினும் ஒன்றாகிவிடும் காலம் வரும் என்று யாரோ வெளிநாட்டில் சொன்னது, எல்லாவற்றையும் வாசித்துவிட்டு அவருக்குச் சொல்வேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். "ஏட்டி, அந்தக் கையால வலை இழுக்க ஒக்குமான்னு கேட்டுச் சொல்லு" என்பார். காது கேளாதவர்களுக்கு உள்காதில் கம்பி வைத்துக் கேட்க வைக்கிறார்கள் என்ற செய்தியையும் நான் அப்படித்தான் ஒருநாள் வாசித்துச் சொல்லியிருந்தேன். அவர் "அட" என்றார். நானும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்தச் செய்தி என் வீட்டுக்கு நடந்து வரும் என்று யார் கண்டார்கள்?

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். அங்கே டாக்டர் மேஜைமேல் ஒரு காது பொம்மையை வைத்துக் காட்டினார். உள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒன்று, பட்டாணி அளவு. அதற்குள்ளே தலைமுடியைப் போல ஒரு கம்பியை நுழைப்பார்களாம். வெளியே காதுக்கு மேலே மாட்டுகிற மெஷின் சத்தத்தைப் பிடித்து, மின்சாரமாக்கி, ஒரு வட்டுக்கு அனுப்பும். தலைக்கு வெளியே ஒரு வட்டு, தோலுக்கு உள்ளே ஒன்று. நடுவில் ஓட்டை கிடையாது, ஒயர் கிடையாது. காந்தத்தால் ஒட்டிக்கொண்டு ஒன்று இன்னொன்றுக்குச் சொல்லும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ரெண்டு கம்பிச்சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் மின்சாரம் ஓடினால் தொடாமலேயே இன்னொன்றில் முள் அசைகிறதே, அந்தப் பரிசோதனையை நான் கல்லூரி லேபில் செய்திருக்கிறேன். மார்க்கு வாங்கினேன், மறந்தேன். அதே சுருளை என் பிள்ளையின் மண்டைக்குள் வைக்கப் போகிறார்கள்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டரே, இவ என்னைய அப்பான்னு விளிப்பாளா?"

டாக்டர் மறுபடி அந்தக் காது பொம்மையைக் கையில் எடுத்தார். மூளையில் சத்தத்துக்கு என்று ஓர் இடம் இருக்கிறது, சின்ன வயதிலேயே சத்தம் வந்து அங்கே குடியேறாவிட்டால் கண்ணும் கையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் மெஷின் வைத்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது என்றார். "ஏற்கெனவே லேட்டா வந்திருக்கீங்க. பயிற்சி ஒழுங்கா கொடுத்தா கூப்பிடுவா. இல்லேன்னா சத்தம் கேக்கும், சொல்லு வராது." பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார்; திருநெல்வேலி தாண்டும்போது அவள் தூங்கிவிட்டாள். பிறகு சொன்னார்: "நான் ஒண்ணும் பெருசா கேக்கல பாத்துக்க. அப்பான்னு ஒரு விளி. அது எனக்குப் போதும்."

அரசாங்கக் காப்பீட்டில் அப்போது இந்த ஆபரேஷனுக்கும் இடம் இருந்ததால் எங்களைப் போன்றவர்களுக்கும் அது கிடைத்தது. ஆனால் ஊர்வாய் சும்மா இருக்குமா? கடவுள் படைத்த தலைக்குள் இரும்பை வைக்கலாமா, இடி இடித்தால் பிள்ளைக்கு என்ன ஆகும், நாளைக்கு எவன் கட்டிக்கொண்டு போவான்? நான் கோயில் பாதிரியாரான பங்குச்சாமியிடமே போய்க் கேட்டுவிட்டேன். அவர் வயதானவர், நக்கல்காரர். மேல்வரிசைப் பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மறுபடி மாட்டிக்கொண்டு, "நான் பத்து வருசமா இத வச்சுத்தான் பிரசங்கம் வைக்கியேன். அப்ப நான் பாதி மனுசனா? போய் வேலையப் பாரு மக்களே" என்றார்.

ஆபரேஷன் முடிந்து, காயம் ஆறியபின் ஒருநாள் மெஷினை முதன்முதலாக ஓடவிட வரச் சொன்னார்கள். சின்ன அறை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். என் மகள் தரையில் உட்கார்ந்து, கலர் கலரான வளையங்களை ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி ஏதோ ஒன்றை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் அறையில் இல்லை, என் மகளின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. திடீரென்று வளையம் வைத்திருந்த கை நடுவில் நின்றது. கண்ணை மட்டும் உருட்டி, மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கேயிருந்து வருகிறது இது, யார் என்னைத் தொட்டது என்று கேட்பது மாதிரி. நான் சேசுவே, மாதாவே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னதுதான் அர்த்தத்தோடு சொன்னது.

பிறகு வட்டு, மெஷின், அறையின் சத்தம் எல்லாம் சேர்த்து ஓடவிட்டார்கள். அவர் ஆவல் தாங்காமல் பிள்ளையின் காதோரம் குனிந்து, நடுக்கடலில் பக்கத்து வள்ளத்தைக் கூப்பிடுவதுபோல "மக்கா!" என்று ஒரு கத்து கத்தினார். அவ்வளவுதான். அவள் வீறிட்டு மெஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். கம்ப்யூட்டர் பெண் மேஜைக்கு அடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, மெதுவா. இனிமே இவகிட்ட மெதுவாத்தான் பேசணும்" என்றாள். மெதுவாகவாம். எங்கள் ஊரில்!

நாகர்கோவிலில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் அதற்கும் மேலே. வாரம் ஒருமுறை கூட்டிப் போவேன். பேசும்போது வாயை ஒரு துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை உதட்டைப் பார்க்கக் கூடாது, காதால்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் தணிந்த குரலில், தெளிவாகப் பேச வேண்டும். கடைசியாக, "கை கூடவே கூடாது. கையில சொன்னா அவ காதால கேக்கவே மாட்டா" என்றாள். இப்போது அப்படிச் சொல்வதில்லை, கையும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் சொல்கிறார்கள் என்று எங்கோ வாசித்தேன். அன்றைக்கு எனக்கு அவள் சொன்னதுதான் வேதம்.

ஆனால் நான் ஒருத்தி கையைக் கட்டினால் போதுமா? வாசலைத் தாண்டினால் ஊரே கையாட்டுகிறதே. பங்குச்சாமியிடம் மறுபடியும் போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, யாருக்கு யாரோடு கல்யாணம் என்று ஓலை வாசிக்கிற நேரத்தில், மைக்கில் அறிவித்தார். இன்னார் வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் யாரும் கைச்சாடை காட்டக் கூடாது, சத்தம் போட்டும் பேசக் கூடாது, இது ஆண்டவர் பெயரால் கேட்டுக்கொள்வது. மைக்கைப் பார்த்து அல்ல, பின்வரிசையில் நின்ற ஆண்களைப் பார்த்துச் சொன்னார். ஒருத்தன் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கோயிலே சிரித்தது.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே வேடிக்கையை. நானும் பிள்ளையும் கடற்கரைக்குப் போனால், எதிரே வருகிற ஆண்களெல்லாம் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். எதிர்வீட்டு மைனி பிள்ளையைப் பார்த்தால் ரெண்டு கையையும் மீன் சட்டிக்குள் விட்டுக்கொண்டு, "மக்ளே... சாப்ட்டியா..." என்று ரகசியம் பேசுவாள். அவளுக்குத் தொண்டை நோகுமாம். சத்தம் போடுவதைவிட மெதுவாகப் பேசுவதுதான் கஷ்டம் என்று என்னிடம் வந்து புலம்புவாள். ஆனாலும் ஒருத்தரும் மீறவில்லை. அந்தச் சனத்துக்காக நான் இப்போதும் பூசையில் ஒரு செபம் சொல்வேன்.

மெஷினுக்கு உப்புக்காற்று ஆகாது. ஈரத்தை உறிஞ்சுகிற முத்துகள் போட்ட ஒரு டப்பாவில் அதைப் பத்திரப்படுத்துவேன். காலையில் எடுத்துத் தலையில் வைத்தால் டிக்கென்று ஒட்டும். அவளுக்கு அந்த ஒட்டுகிற வித்தை ரொம்பப் பிடித்துவிட்டது. வட்டைக் கழற்றி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள், பீரோவில் ஒட்டுவாள். ஒட்டிவிட்டு, பீரோவுக்குக் கேட்கிறதா என்று அதன் முன்னால் போய் "ஆ, ஆ" என்று சொல்லிப் பார்ப்பாள்.

ஒருநாள் காலை கரையில் நின்றுகொண்டிருந்தோம். வழக்கம்போல அலை அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அவள் வட்டைக் கழற்றினாள். கடலைப் பார்த்தாள். ஒட்டினாள். மறுபடி கழற்றினாள், ஒட்டினாள். எனக்கு முதலில் புரியவில்லை. அவள் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் புரிந்தது. ஒட்டினால் கடல் கத்துகிறது, கழற்றினால் வாயை மூடிக்கொள்கிறது! அவள் பிறந்ததிலிருந்து ஆடிக்கொண்டு மட்டும் இருந்த தண்ணீர். விழுந்து விழுந்து சிரித்தாள். கழற்றி ஒட்டி, கழற்றி ஒட்டி, வெயில் ஏறும்வரை கடலை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டாள். நான் அந்தச் சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஒருநாள்கூட அதை நிறுத்த எனக்கு வழி கிடையாது. இந்த வாண்டுக்கு உண்டு. மனிதர்களில் இப்படி ஒரு வகை இதற்கு முன்னால் இருந்ததா? பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சில மாதங்களில் "ம்மா" வந்தது. நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அவர் சிரித்தார். "எனக்கும் வரும். மெதுவா வரட்டும்" என்றார். "தா" வந்தது, "போ" வந்தது, பூனைக்கு ஒரு பெயர் வந்தது. அப்பா மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் அவர் ஆளே மாறிப்போனார். முதலில் கைதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளையைப் பார்த்தால் கை தானாக எழும். எழுந்துவிடக் கூடாது என்று ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காருவார். அவள் வந்து அந்தக் கையைப் பிடித்து இழுப்பாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் முறைப்பேன். பிறகு பேச்சும் குறைந்தது. சாப்பிடும்போது நான் எதையாவது சொன்னால் ம் என்பதுகூட இல்லை. நாங்கள் உள்ளே மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வெளியே போய் வலையோடு உட்கார்ந்துவிடுவார். பிள்ளை அம்மா என்றாளே, அப்பா என்று சொல்லவில்லையே, அந்த முறுக்கு என்று நினைத்தேன். எனக்கும் ஏறிக்கொண்டே வந்தது. நான்கு வயசுப் பிள்ளையோடு ஓர் ஆம்பளைக்கு என்ன போட்டி?

அன்றைக்குக் கடல் இல்லை, காற்று சரியில்லாததால் யாரும் போகவில்லை. மத்தியானம் சோறு தின்றுவிட்டு அவர் வாசலுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். நான் வாசல்படியில் அயிலை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை உள்ளேயிருந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முதுகைப் பார்த்தாள். ரெண்டு உதட்டையும் சேர்த்தாள், பிரித்தாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, மெதுவாக, தெளிவாக, அழகாகச் சொன்னாள்.

"அப்பா."

அரிவாள்மணை முன்னால் என் கை நின்றது. எதிர்வீட்டு வாசலில் மைனியும் கேட்டுவிட்டாள். வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் திரும்பவில்லை.

"அப்பா." மறுபடியும். அதே குரல்.

ஊசி வலைக்குள் போனது, வந்தது. முதுகு அசையவில்லை. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எத்தனை மாதம், எத்தனை பஸ், ஊரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, இந்த மனுசனுக்கு இன்னும் முறுக்கா? அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த என் கடற்கரைத் தொண்டையைத் திறந்தேன். "இஞ்சேருங்க! பிள்ள விளிக்குது, காதுல விழலியா?"

டக்கென்று திரும்பினார். "என்னட்டி?" என்றார். அவர் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்தது.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதைத் தடுக்கத்தானே நான் தினமும் வாயில் துணியைப் பிடித்தேன்.

ஒரே நொடியில் எல்லாம் என் மேல் வந்து விழுந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலிருந்து இஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். கடலில் கைதான் பேச்சு, கரையில் எல்லாரும் சத்தம். அதனால் அவர் காது போய்க்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. பிள்ளைக்காக ஊர் கையைக் கட்டிக்கொண்டு குரலையும் தணித்தபோது, பிள்ளைக்கு ஒரு வாசல் திறந்தது, இவருக்கு இருந்த ரெண்டு வாசலும் அடைத்துவிட்டது. மகளுக்கு எப்படிக் காணாமல் விட்டோமோ அப்படியே அப்பனுக்கும் விட்டிருக்கிறோம். மெல்லிய, உயர்ந்த குரல்தான் முதலில் போகும் என்று பிறகு நாகர்கோவில் டாக்டர் சொன்னார். பிள்ளைகளின் குரல்.

"பிள்ள உங்கள அப்பான்னு விளிச்சா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவருக்கு விளங்கியது. அவள் விளித்ததும் விளங்கியது, தனக்குக் கேட்கவில்லை என்பதும் விளங்கியது. ஊசியைக் கீழே வைத்தார். "எப்ப?" என்றார். "நான் இங்கதானே இருந்தேன்." அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிள்ளை எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் தோளை விட்டுவிட்டு மணலில் இறங்கி நடந்து, அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கை வழக்கம்போலத் தொடைக்கு அடியில் போனது. தன் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் வட்டைக் கழற்றினாள். அதை அவர் தலையில், காதுக்குப் பின்னால், தனக்கு இருக்கும் அதே இடத்தில் வைத்தாள்.

விழுந்தது.

மெஷினோடு தொங்கியதைப் பிடித்து மறுபடியும் வைத்து அழுத்தினாள். கையை எடுத்தாள். விழுந்தது. முடியை ஒதுக்கிவிட்டு வைத்தாள். பிரிட்ஜில் ஒட்டுகிறது, பீரோவில் ஒட்டுகிறது, அப்பாவிடம் ஏன் ஒட்டவில்லை? அந்தப் பக்கம் போய் அடுத்த காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். அவர் அசையாமல் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வலைமேல் சொட்டியது.

வட்டு தன் தலையில் இல்லாததால் அவளுக்கு இப்போது எதுவும் கேட்காது. அவருக்கும் கேட்காது. கீழே குனிந்து அவர் முகத்தைப் பார்த்து, மூக்குக்குக் கீழே விரலை வைத்து மீசை முறுக்கினாள். அவர் தொடைக்கு அடியில் இருந்த கையை எடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு விரலைத் தன் நெஞ்சில் வைத்தார், பிறகு மீசையை முறுக்கினார். ஆமாம், நான்தான், அப்பா. யார் வந்து என்ன சட்டம் சொன்னாலும் அந்தக் கையை அப்போது நிறுத்தியிருக்க மாட்டேன்.

பிறகு அவர் அந்த வட்டை வாங்கி, ஊதி மணலைத் தட்டிவிட்டு, அவள் தலையிலேயே வைத்தார். டிக்கென்று ஒட்டியது.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நெற்றி சுருங்கியது. நாங்கள் அவளுக்கு மெதுவாகப் பேசத்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். சத்தம் போட யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை; என் கத்தலுக்கு அவர் திரும்பியதை மட்டும் அவள் பார்த்திருந்தாள். அவள் ரெண்டு காலையும் மணலில் அகட்டி ஊன்றினாள். வள்ளத்தில் நிற்பவர்கள் நிற்கிற மாதிரி. வயிறு உள்ளே போனது. அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தாள்.

"அப்பாஆஆ!"

தெருமுனையில் சிலுவை நட்ட குருசடிமேல் இருந்த காக்கைகள் பறந்தன. தெருவில் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு மைனி "எக்க மாதாவே!" என்று முழுத் தொண்டையில் கத்தியேவிட்டாள்.

"கேட்டுது" என்றார் அவர். "கேட்டுது மக்கா, கேட்டுது." பிறகு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒருக்க.

அவள் மறுபடியும் மூச்சை இழுத்தாள்.